சாத்தானிடம் போய்வரும் விதை

கி.மு. நான்காம் நூற்றாண்டு. சிசிலித் தீவு. டிமோலியன் என்கிற கிரேக்கத் தளபதி தன் படையோடு ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறார். மேட்டுக்கு அந்தப் பக்கம் கார்த்தேஜ்காரர்களின் பெரும்படை. ஆள் கணக்கில் பார்த்தால் டிமோலியன் பக்கம் ரொம்பக் கொஞ்சம். வீரர்களுக்கு ஏற்கெனவே வயிற்றைக் கலக்கிக்கொண்டிருக்கிறது.

அந்த நேரம் பார்த்தா எதிரே கோவேறு கழுதைகள் வர வேண்டும்? முதுகில் பொதி. பொதியில் கத்தியில்லை, ஈட்டியில்லை. வெறும் தழை.

படை அப்படியே நின்றுவிட்டது.

பார்ஸ்லி! கல்லறையில் வைக்கிற தழை. ஒருவர் பிழைப்பது கஷ்டம் என்றால், 'அவருக்கு இனி பார்ஸ்லி ஒன்றுதான் பாக்கி' என்பது அந்த ஊர் வழக்கு. நம்மூரில் 'சங்கு ஊதியாச்சு' என்கிறோமே, அந்த மாதிரி. சண்டைக்குப் போகிற வழியில் அது மூட்டை மூட்டையாக எதிரே வந்தால் எவனுக்குக் கால் நகரும்?

டிமோலியன் கெட்டிக்காரர். தாய்நாடான கொரிந்தில், இஸ்த்மிய விளையாட்டில் ஜெயித்தவன் தலையில் சூட்டுகிற கிரீடம் எதனால் செய்தது என்று நினைவுபடுத்தினார். அதுவும் இதே தழை! 'நம்மைத் தேடி வெற்றிக் கிரீடமே வருகிறது' என்று கழுதை மேலிருந்து ஒரு கொத்தை உருவித் தன் தலையில் சுற்றிக்கொண்டார். அதிகாரிகள் சுற்றிக்கொண்டார்கள். அப்புறம் வீரர்கள். கிரிமிஸஸ் ஆற்றங்கரையில் நடந்த சண்டையில் இடியும் மழையும் கார்த்தேஜ்காரர்களின் முகத்தில் அடிக்க, ஜெயித்தது சின்னப் படை.

புளூட்டார்க் எழுதி வைத்துவிட்டுப் போன கதை இது. அவர் சொல்லும் 'செலினான்' பார்ஸ்லிக்கும் பொருந்தும், காட்டு செலரிக்கும் பொருந்தும். இரண்டும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள்தான்.

சரி, இந்தக் கதை எனக்கு எதற்கு இப்போது? என் மொட்டை மாடியில் நடந்த ஒரு சின்னப் போருக்காக.

*

கத்தாரிலிருந்து லீவில் வந்த மச்சினன் ஒரு விதைப் பாக்கெட்டை நீட்டினான். "அத்தான், இத மாடில போட்டு விடுங்க. அங்க தெனமும் சாலட்ல இதான். பக்தூனிஸ்னு சொல்லுவாங்க."

பக்தூனிஸ் என்றால் அரபியில் பார்ஸ்லி. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய தூத்துக்குடி, காயல்பட்டினம் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். தபூலே சாலட் பற்றிக் கண்கள் மின்னச் சொல்வார்கள். பொடிப்பொடியாக நறுக்கிய பார்ஸ்லி, தக்காளி, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் கோதுமை ரவை. அதில் பார்ஸ்லி அலங்காரத்துக்கு இல்லை. அதுதான் கதாநாயகன்.

போட்டேன். சித்திரை மாதம், அக்னி நட்சத்திரத்துக்குச் சற்று முன்னால். காலையும் மாலையும் தண்ணீர். ஒரு வாரம் ஆயிற்று. பத்து நாள் ஆயிற்று. ம்ஹூம். பன்னிரண்டாம் நாள் தொட்டியைக் கவிழ்த்துவிட்டேன். பக்கத்துத் தொட்டியில் போட்ட கொத்தமல்லியாவது வந்ததே என்று பார்த்தால், விரற்கடை உயரத்திலேயே பூத்து முடித்து 'வேலை ஆச்சு, வரட்டுமா' என்றது.

நான் பி.காம். படித்தவன். நஷ்டக் கணக்கு எழுத வரும். காரணம் கண்டுபிடிக்க வராது. ஆனால் பத்திரிகைக்காரனாச்சே... சும்மா இருக்க முடியுமா? புத்தகங்களைப் புரட்டினேன். வேடிக்கை என்னவென்றால், என் தொட்டிக்கான பதில் தோட்டக்கலைப் புத்தகத்தைவிடச் சரித்திரத்தில்தான் தெளிவாக இருந்தது.

*

முதலில் பார்ஸ்லியின் பெயர். கிரேக்கத்தில் 'பெட்ரோசெலினான்'. 'பெட்ரா' என்றால் பாறை. பாறையில் வளரும் செலரி. மத்திய தரைக்கடல் ஓரத்துக் கல்லுக்காட்டில் பிறந்த செடி என்று பெயரே ஜாதகம் சொல்கிறது.

கி.பி. 800 வாக்கில் ஐரோப்பாவை ஆண்ட சார்லமேன் காலத்தில் அரசாங்கப் பண்ணைகளுக்கு ஓர் ஆணை போனது. தோட்டத்தில் இன்னின்ன செடிகள் இருந்தே ஆகவேண்டும் என்று நீளமான பட்டியல். அதில் பார்ஸ்லி உண்டு. அதே பட்டியலில் நமக்கு ரொம்பத் தெரிந்த இன்னொரு ஆளும் உண்டு. கொத்தமல்லி!

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே குடும்பம். சீரகம், சோம்பு, ஓமம், கேரட், செலரி எல்லாம் இதே குடும்பம்தான். பூவைப் பார்த்தால் தெரியும். குடையை விரித்த மாதிரி இருக்கும். ஆங்கிலேயர்கள் கொத்தமல்லித் தழைக்குச் 'சைனீஸ் பார்ஸ்லி' என்றே ஒரு பெயர் வைத்தார்கள். அந்தக் கணக்கில், கடையில் அண்ணாச்சி கொசுறாகப் போடுகிற கொத்துதான் நம்மூர் பார்ஸ்லி.

கொசுறு என்று லேசாக நினைக்காதீர்கள். எகிப்தில் 1922-ல் துட்டன்காமன் கல்லறையைத் திறந்தார்களே... தங்க முகமூடி, தங்கச் சவப்பெட்டி என்று உலகமே வாயைப் பிளந்ததே, அதற்குள் சுமார் அரை லிட்டர் கொத்தமல்லி விதையும் இருந்தது. மன்னன் மேலுலகத்தில் மல்லி இல்லாமல் கஷ்டப்படக் கூடாதாம். கிரேக்க நாட்டில் 3,200 வருடம் பழைய களிமண் பலகைகளில் கொத்தமல்லி கணக்கு எழுதியிருக்கிறார்கள். அதிலுள்ள சொல் இன்றைய 'கொரியாண்டர்' என்பதற்குக் கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது. நம் பக்கம், கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே பாணினியின் சம்ஸ்கிருத இலக்கணத்தில் 'குஸ்தும்புரு' என்று வந்துவிடுகிறது. கன்னடத்துக் 'கொத்தம்பரி', தெலுங்கின் 'கொத்திமீர', நம் கொத்தமல்லி எல்லாம் அந்தச் சொல்லுக்கு உறவுக்காரர்கள்.

ஆக, இரண்டுமே மத்திய தரைக்கடல் பக்கத்து மண்வாசனை உள்ளவை. ஒன்று இங்கே வந்து, நம்ம ஆளாகி, ரசத்தில் மிதக்கிறது. இன்னொன்று இன்னமும் ஸ்டார் ஓட்டல் தட்டின் ஓரத்தில் அந்நியனாக உட்கார்ந்திருக்கிறது. ஏன்?

*

தூத்துக்குடிக்கு வருவோம்.

இந்தக் கடற்கரைக்கு 1530-களில் போர்ச்சுக்கீசியர்கள் வந்தார்கள். முத்து இழுத்துக்கொண்டு வந்தது. 1658-ல் டச்சுக்காரர்கள் பிடிக்கிறவரை அவர்கள் கொடிதான். மேற்கு ஐரோப்பாவில் மற்றவர்கள் கொத்தமல்லித் தழையை அநேகமாக மறந்தே போனார்கள். போர்ச்சுக்கீசியர்கள் விடவில்லை. அவர்கள் ஊரில் ரொட்டி, பூண்டு, கொத்தமல்லித் தழை போட்டு ஒரு சூப் உண்டு, ஏழைகளின் சாப்பாடு. தூத்துக்குடிச் சந்தையில் இறங்கிய லிஸ்பன்காரனுக்கு மிளகாய்ச் செடி, வெற்றிலை என்று எதைப் பார்த்து எப்படி முழித்தானோ தெரியாது... இல்லை, மிளகாயை வெட்டிவிடுங்கள். அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததே அவர்கள்தான்! ஆனால் கொத்தமல்லி வாசனை மட்டும் அவன் அம்மா சமையல்கட்டை ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும்.

அவனுக்குப் பழக்கமான இன்னொரு விஷயமும் இங்கே இருந்தது. மழை.

லிஸ்பனில் கோடை வறண்டு கிடக்கும். மழை அக்டோபரில் ஆரம்பிக்கும். குளிர்காலம் முழுக்கப் பெய்யும். கிரேக்கத்தில், சிசிலியில், லெபனானில் எல்லாம் அதே கதைதான். இந்தியாவில் பெரும்பாலான இடங்களில் இது தலைகீழ். ஜூன், ஜூலையில் கொட்டித் தீர்க்கும். தூத்துக்குடியோ மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மறைவில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை குற்றாலத்தைக் குளிப்பாட்டிவிட்டு நம் பக்கம் காற்றை மட்டும் அனுப்பும். நமக்கு வருகிற மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். வருடத்துக்குச் சுமார் 650 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி அந்த மூன்று மாதங்களில்.

இந்த ஊரின் பிழைப்பே அந்த அட்டவணையில்தான் ஓடியது. மழை தொடங்கினால் உப்பளத்துக்கு லீவு. தை, மாசியில் வெயில் திரும்பினால் பாத்தியில் மறுபடி உப்பு. பங்குனி, சித்திரையில் கடல் அமைதியானால் முத்துக் குளிப்பு. 1961-ல் நடந்ததுதான் கடைசி முத்துக் குளிப்பு. உப்பளம் ஓய்கிற அதே மாதங்களில், நகரத்திலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில், கரிசல் காட்டில் வேலை சூடு பிடிக்கும்.

என்ன வேலை? விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரத்தில் பருத்தி, உளுந்து, மிளகாய், கம்பு... கூடவே மல்லி. கிணறு கிடையாது, கால்வாய் கிடையாது. முழுக்க வானம் பார்த்த பூமி.

கவனியுங்கள். மத்திய தரைக்கடலில் பிறந்த செடி ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து, அதே மாதத்தில் மழை, அதே மாதத்தில் குளிர் என்று இருக்கிற ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இங்கே 'குளிர்' என்று சொன்னால் ஊட்டிக்காரர் சிரிப்பார்தான். மார்கழி ராத்திரியில் 22, 23 டிகிரி. கொத்தமல்லிக்கு அது போதும். பகல் பொழுதும் அப்போது குறைவு. பகல் நீண்டு, வெயிலும் ஏறினால் இந்தச் செடிக்கு 'சாகப் போகிறோம்' என்று பயம் வந்துவிடும். இலையை நிறுத்திவிட்டுப் பூவுக்குப் பாயும். சித்திரையில் என் தொட்டியில் நடந்தது அதுதான்.

*

ஒருமுறை விளாத்திகுளம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் என் மாடிப் பயிரின் கதையைச் சொன்னேன். கரிசல் சம்சாரி. முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, நீங்க தண்ணிய ஊத்தியே அதக் கொன்னுருப்பீங்க."

"ஊத்தாம எப்படிங்கய்யா?"

"ஈரத்தத் தேடி வேரு கீழ எறங்கணும்யா. நெதம் மேலயே ஊத்துனா அது எதுக்கு எறங்கப் போவுது? நாங்க வெதச்சதோட சரி. மிச்சத்த மண்ணு பாத்துக்கிடும், பனி பாத்துக்கிடும்."

அவர் செய்வது புழுதி விதைப்பு. புரட்டாசியில், மழைக்கு முன்னால், காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிடுவது. மழை விழுந்ததும் முளைப்பு. கரிசல் மண் குடித்த தண்ணீரை லேசில் விடாது. மழை நின்ற பிறகும் அடியில் ஈரம் இருக்கும். அதைத் தேடி ஆணிவேர் நேராகக் கீழே போகும். தை, மாசியில் அறுப்பு. சுமார் நூறு நாள் கணக்கு.

விதைக்கும் முன் மல்லியைத் தேய்த்து இரண்டாக உடைப்பார்கள். நாம் ஒரு விதை என்று நினைக்கும் உருண்டை உண்மையில் ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தை. உடைத்தால் இரண்டும் முளைக்கும். மானாவாரிக்கு இன்னொரு வித்தையையும் வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்த தண்ணீரில் 16 மணி நேரம் விதையை ஊறவைத்து, மறுபடி காயவைத்து விதைப்பது. வறட்சிக்கு ஒத்திகை மாதிரி.

இத்தனை செய்தும் சம்சாரிக்கு லாபம் உறுதியா? அதுதான் இல்லை. பூக்கிற சமயத்தில் நாலு நாள் மூட்டம் போட்டால் அசுவினியும் சாம்பல் நோயும் வந்து உட்காரும். எல்லாம் தப்பி மூட்டை கட்டி விருதுநகர் சந்தைக்குப் போனால், அங்கே ராஜஸ்தான், குஜராத் மல்லியோடு போட்டி. ரஷ்யா, பல்கேரியா மல்லியும் கப்பலேறி இந்தியாவுக்கு வருகிறது. நம் மல்லி பெரிசு. எண்ணெய்ச் சத்து குறைவு. அவர்களுடையது பொடிசு, எண்ணெய் அதிகம். வியாபாரி கலந்து விற்க இது வசதி. புதூர்க்காரர் நூறு நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்ததற்கு விலைப் பட்டியலில் தனியாக ஒரு காலம் கிடையாது.

2023 டிசம்பரில் அந்த வானமும் கைவிட்டது. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை. வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம், ஒரே நாளில்! ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு தண்ணீருக்கு நடுவில் நின்றதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். தூத்துக்குடித் தெருக்களில் படகு போனது. கரிசலில் மானாவாரிப் பயிர்கள் தண்ணீரில் நின்றதை அவ்வளவாக யாரும் காட்டவில்லை. தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்கிற அதே கரிசல் குணம் அப்போது எமனாகிவிட்டது. கீழே இறங்கிய ஆணிவேர் மூச்சுவிட வழியில்லாமல் அழுகும்.

அடுத்த முறை கொசுறு கிடைக்கவில்லை என்று அண்ணாச்சியிடம் முறைக்கும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

*

இப்போது பார்ஸ்லி. கொத்தமல்லி பத்து நாளில் தலை நீட்டும். இது ஏன் மூன்று வாரம் இழுக்கிறது?

ஐரோப்பியக் கிராமங்களில் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். பார்ஸ்லி விதை மண்ணுக்குள் போனதும் நேராகச் சாத்தானைப் பார்க்கப் போகிறதாம். ஏழு தடவை போய்வர வேண்டும் என்பார்கள் சிலர். ஒன்பது தடவை என்பார்கள் சிலர். சாத்தான் தன் பங்குக்குக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புவானாம். போட்டதில் பாதிதான் முளைப்பது அதனாலாம்! இங்கிலாந்தில் புனித வெள்ளியன்று விதைத்தால் சாத்தானுக்கு அதிகாரம் இல்லை என்று நம்பினார்கள்.

நிஜக் காரணம் இரண்டு. செடியிலிருந்து விழும்போது விதைக்குள் இருக்கும் கரு பாதிகூட வளர்ந்திருக்காது. மண்ணுக்குள் போன பிறகுதான் வளர்ந்து முடிக்க வேண்டும். இன்னொன்று, விதையிலேயே முளைப்பைத் தடுக்கும் ரசாயனம் இருக்கிறது. 'ஒரு தூறலை நம்பி அவசரப்படாதே, நல்ல மழை வந்து என்னைக் கழுவட்டும்' என்று பாறைக்காட்டில் பிழைக்கக் கற்ற புத்தி.

இந்தச் சரித்திரத்தையெல்லாம் கூட்டிக் கழித்தால் தொட்டிக்கான விடை வருகிறது.

காலம்: ஐப்பசிப் பாதியிலிருந்து மார்கழி வரை. கொத்தமல்லிக்கும் அதுவே, பார்ஸ்லிக்கும் அதுவே. சித்திரையில் போட்டு மழைக்கடவுளைத் திட்டாதீர்கள்.

விதை: கொத்தமல்லியைச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக்கி ராத்திரி ஊறவையுங்கள். பார்ஸ்லியை ஒரு முழு நாள் வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தடுக்கிற ரசாயனம் அதோடு போகும். சுருட்டை இலை வகையைவிடத் தட்டை இலை வகை நம் வெயிலைத் தாங்கும்.

தொட்டி: ஓர் அடி ஆழம் இருக்கட்டும். அடியில் ஓட்டை கட்டாயம். ஆணிவேர்க் குடும்பம் என்பதால் வேறு இடத்தில் முளைக்கவிட்டுப் பிடுங்கி நடக் கூடாது. எங்கே வளரவேண்டுமோ அங்கேயே விதையுங்கள், கால் அங்குல ஆழத்தில். முளைக்கிறவரை மேல்மண் காயக் கூடாது. ஈரச் சாக்கு ஒன்றை மேலே போட்டு, முளை தெரிந்ததும் எடுத்துவிடலாம். நன்றாக வளர்ந்த பிறகு, விரலை விட்டுப் பார்த்து ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

எந்தத் தண்ணீர்? தூத்துக்குடியில் இதுதான் பெரிய கேள்வி. உப்பளத்து ஊரில் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? இலை ஓரம் கருகினால், தொட்டி மேல்மண்ணில் வெள்ளை பூத்தால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வையுங்கள். மழைக்காலத்துச் செடிக்கு மழைத் தண்ணீர். எளிய கணக்கு.

அறுவடை: கொத்தமல்லி 40 நாளில் தயார். வேரோடு பிடுங்கினால் கதை முடிந்தது. அதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு பிடி விதைத்துக்கொண்டே வாருங்கள். பார்ஸ்லி இரண்டு வருடச் செடி. முதல் வருடம் இலை, அடுத்த வருடம் பூ, அப்புறம் போய்விடும். வெளிச்சுற்றுக் காம்புகளை அடியோடு கிள்ளினால் நடுவிலிருந்து புதிசு வந்துகொண்டே இருக்கும். பங்குனி பிறந்தால் தொட்டியை மதிய வெயில் படாத இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பார்ஸ்லியைத் தட்டு தட்டாக விழுங்கும் முன் டாக்டரைக் கேட்பது நல்லது. அதில் வைட்டமின் கே ரொம்ப அதிகம்.

*

போன ஐப்பசியில் மறுபடி போட்டேன். முப்பது விதை, எண்ணிப் போட்டேன். பழக்க தோஷம்.

பத்து நாள். ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் நாள் கை பரபரத்தது. தொட்டியைக் கவிழ்க்கவில்லை. பதினைந்து... இருபது... வீட்டில், "இன்னும் அந்தக் காலித் தொட்டியைத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்களா?" என்று கேட்டாயிற்று. இருபத்து மூன்றாம் நாள் காலை, நூல் மாதிரி பச்சையாய் ஒன்று வளைந்துகொண்டு எழுந்தது. அந்த வாரக் கடைசிக்குள் மொத்தம் பதினொன்று. இப்போது மாடியில் சடைசடையாக நிற்கின்றன. மச்சினனுக்கு போட்டோ அனுப்பினேன். "அத்தான், பக்தூனிஸ்!" என்று பதில் வந்தது. கூடவே நாலு ஆச்சரியக்குறி.

மீதிப் பத்தொன்பது?

வாராக்கடன். சாத்தான் பேரில் எழுதிவிட்டேன்.